இடது கை கதவில் போய் இடிக்கும்

போன இதழில் வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பது பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதினேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே சமாச்சாரம். சரி, இந்த இதழை இதற்கே கொடுத்துவிடலாம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் இல்லை. பதினைந்து வருடமாக லீவு கிடைத்தபோதெல்லாம் ஊர் ஊராகக் கார் எடுத்து ஓட்டி, தண்டம் கட்டி, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 58. முப்பது வருடமாகச் சென்னையில் கார் ஓட்டுகிறேன். மகன் ஜெர்மனியில் மியூனிக்கில் இருக்கிறான். அங்கே போகும்போது நானும் மனைவியும் கார் எடுத்து ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் வரை போக ஆசை. மகனோ, "வேண்டாம்பா, ரயில்ல போங்க" என்கிறான். வலப்பக்கம் ஓட்டுவது அவ்வளவு கஷ்டமா? — வேளச்சேரி வாசகர்

சார், சால்ஸ்பர்க்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதானால் மகன் சொல்வதுதான் சரி, ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள், பார்க்கிங் தேடி அலைய வேண்டாம். வழியில் கீம்ஸே ஏரிக்கரையில் இறங்க வேண்டும், பெர்ஷ்டெஸ்காடன் மலைப்பக்கம் திரும்ப வேண்டும், மனைவிக்கு ஒரு கிராமம் பிடித்துவிட்டால் அங்கேயே மத்தியானம் வரைக்கும் உட்கார வேண்டும் என்றால் கார்தான்.

கஷ்டமா என்று கேட்டீர்கள். கால்களுக்குக் கஷ்டமே இல்லை. கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாம் நம்மூர் வரிசைதான், ஸ்டீயரிங் இடப்பக்கம் போனாலும் அது மாறாது. கைகளுக்குத்தான் பிரச்சினை. கியர் போட இடது கையை நீட்டுவீர்கள், அது கதவில் போய் 'டொக்'கென்று இடிக்கும். முதல் நாள் எனக்குப் பத்துப் பதினைந்து தடவை இடித்திருக்கும். பின்னால் பார்க்கத் தலையை இடது மேல்பக்கம் தூக்குவீர்கள், அங்கே கண்ணாடி இருக்காது, வலப்பக்கம் இருக்கும். உங்கள் கார் மாருதியோ ஹூண்டாயோ என்றால் இண்டிகேட்டர் வலது கையில் இருந்து பழகியிருப்பீர்கள், அங்கே அது இடது கையில். திரும்பும்போதெல்லாம் வெயிலில் வைப்பர் ஓடும். பக்கத்துக் காரில் போகிறவன் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியாகக் கேட்டு வாங்குங்கள், ஐரோப்பாவில் விட்டால் கியர் வண்டியைத்தான் தருவார்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், ஒரு கையின் வேலையாவது குறையும்.

கொஞ்சம் ஆபத்தான விஷயம் வேறு. இங்கே நம் உடம்பு காரின் வலது பாதியில் இருக்கிறது, காரின் மீதி இடப்பக்கம் நீள்கிறது. முப்பது வருடமாக இந்தக் கணக்கு உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. அங்கே இடது பாதியில் உட்கார்ந்தபிறகும் உடம்பை லேனுக்குள் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைக்கப் பார்ப்போம், கார் மொத்தமும் வலப்பக்கம் நகர்ந்துவிடும். அந்தப் பக்கம் பிளாட்பாரக் கல், நிறுத்தியிருக்கும் கார்கள், சைக்கிள்காரர்கள். என் முதல் பயணத்தில் வலப்பக்க முன்சக்கரத்து ரிம் கல்லில் 'கர்ர்ர்' என்று உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இதற்கு ஒரே கணக்கு: எந்த நாடானாலும் டிரைவர் உட்காரும் பக்கம் ரோட்டின் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். நடுக்கோடு உங்கள் இடது தோளுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள், கார் தானாகச் சரியான இடத்தில் இருக்கும்.

ராங் சைடில் போய்விடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. வண்டிகள் நிறைய ஓடும் ரோட்டில் அப்படி நடப்பது அபூர்வம், முன்னால் போகிறவன் பின்னாலேயே போய்விடுவோம். ஆளில்லாத ரோட்டில்தான் நடக்கும். காலையில் ஓட்டலிலிருந்து கிளம்பும்போது, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, ஒருவழிப் பாதை முடிந்து இருவழி தொடங்கும் இடத்தில். மூன்று நாள் நன்றாக ஓட்டிவிட்டு, 'இனிமேல் என்ன, பழகிவிட்டது' என்று பாட்டு போட்டுக்கொண்டு கிளம்பும் நாலாவது நாள் காலையை நான் அதிகம் நம்ப மாட்டேன். இடப்பக்கம் திரும்பும்போதும் கவனம் வேண்டும். நம்மூரில் இடது திருப்பம் சுலபமானது, அங்கே அதுதான் எதிர் வண்டிகளைக் குறுக்கே கடந்து போகும் திருப்பம். ரவுண்டானாவில் எல்லோரும் வலமிருந்து இடமாக, நம் பழக்கத்துக்கு எதிராகச் சுற்றுவார்கள், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவனுக்கு வழிவிட்டு நுழைய வேண்டும்.

ஜெர்மனிக்கென்று இரண்டு மூன்று விஷயம் உண்டு. வீடுகள் இருக்கும் சின்னத் தெருக்களில் முச்சந்தி, நாற்சந்தியில் போர்டோ சிக்னலோ இல்லையென்றால் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் உரிமை, அவன் வருவது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். அவன் நின்று பார்த்துவிட்டெல்லாம் வர மாட்டான், உரிமை இருக்கிறது என்று நேராக வருவான். மஞ்சள் வைர வடிவப் பலகை தெரிந்தால் நீங்கள் போகும் ரோட்டுக்கு முன்னுரிமை என்று அர்த்தம். ஆட்டோபான் என்கிற அவர்கள் நெடுஞ்சாலையில் சில பகுதிகளில் வேக வரம்பு கிடையாது, 130 கிலோமீட்டர் என்பது வெறும் பரிந்துரைதான். நீங்கள் 110-ல் வலது லேனில் போய்க்கொண்டே இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இடது லேன் முந்துவதற்கு மட்டும், முந்திவிட்டு உடனே வலப்பக்கம் வந்துவிட வேண்டும். கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார் நீங்கள் இரண்டு முறை கண் சிமிட்டுவதற்குள் பின்னால் வந்து நிற்கும். வலப்பக்கமாக முந்துவது அங்கே குற்றம், நம் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். டிராஃபிக் நின்றுவிட்டால் இடது ஓர லேனில் இருப்பவர்கள் இன்னும் இடப்பக்கம் ஒதுங்குவார்கள், மற்ற எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்குவார்கள், ஆம்புலன்ஸ் போக நடுவில் ஒரு பாதை திறந்துவிடும். விபத்து நடந்ததா இல்லையா என்று தெரியாமலே எல்லோரும் இதைச் செய்வதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை.

ஏ1 நெடுஞ்சாலையில் எல்லையிலிருந்து சால்ஸ்பர்க் வரைக்கும் தேவையில்லை, மற்ற ஆஸ்திரிய நெடுஞ்சாலைகளுக்கு 'விக்னெட்' என்ற கட்டண அனுமதி வேண்டும். ஜெர்மனியில் எடுத்த காரில் அது இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் எல்லைக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்கிலேயே வாங்கிவிடுங்கள். கார் எடுக்கும்போதே 'ஆஸ்திரியா போகிறேன்' என்று சொல்லி, ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, விமானத்திலிருந்து இறங்கிய கையோடு சாவி வாங்காதீர்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு புதுப் பக்கம் ஓட்டுவது வேண்டாம். அன்றைக்கு ரயிலில் மகன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும், சூப்பர் மார்க்கெட் பார்க்கிங் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் அங்கே சுற்றுங்கள். இருபது வருடத்துக்கு முன் நீங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததற்குப் பதிலாக இருக்கட்டும்.

இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் இணையத்தில் 50 டாலருக்கு, மூன்று வருடத்துக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? — கோவை வாசகர்

வாங்காதீர்கள், போலி. நம் நாட்டில் அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில்தான் வாங்க வேண்டும். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அதோடு ஒரிஜினல் லைசென்ஸையும் எடுத்துப் போக வேண்டும், பர்மிட் மட்டும் கையில் இருந்தால் பிரயோஜனம் இல்லை, அது லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். நம் பர்மிட் 1949-ம் வருட ஜெனீவா உடன்படிக்கைப்படி தரப்படுவதால் ஜப்பானிலும் செல்லும், அங்கே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சீனாவில் செல்லாது.

கார் எடுக்கும் கவுண்டரில் 'இந்த இன்சூரன்ஸ் எடுக்கிறீர்களா, அது எடுக்கிறீர்களா' என்று கேட்டு, 300 யூரோ என்று புக் பண்ணியதை 550-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஏமாந்தேனா? — மதுரை வாசகர்

அண்ணே, ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் கவுண்டரில் நிற்கும் பையனுக்கு அதில் கமிஷன் இருக்கும், உங்களுக்கோ எட்டு மணி நேரப் பயணக் களைப்பு. அவன் ஜெயிப்பான்.

விஷயம் இதுதான். ஐரோப்பாவில் வாடகையிலேயே அடிப்படைக் காப்பீடு பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அதாவது கார் முழுசாக நொறுங்கினாலும் நீங்கள் முழு விலை கட்ட வேண்டியதில்லை. ஆனால் முதல் இவ்வளவு தொகை உங்கள் பொறுப்பு என்று ஒன்று உண்டு, 'எக்ஸஸ்' என்பார்கள், பல இடங்களில் அது ஆயிரம் யூரோவைத் தாண்டும். கதவில் ஒரு கீறல் என்றால் அந்தத் தொகைக்குள்தான் வரும், அதனால் முழுக்க உங்கள் தலையில். அதைப் பூஜ்யமாக்கத்தான் கவுண்டரில் கூடுதல் இன்சூரன்ஸ் விற்கிறார்கள். அதையே தனியாக, ஊரிலிருந்து கிளம்பும் முன் வேறு காப்பீட்டு நிறுவனத்திடம் எடுத்தால் விலை நன்றாகக் குறையும். ஒரு சங்கடம்: அப்படி எடுத்தால் கார் கம்பெனிக்கு முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு ரசீது அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும், டெபாசிட்டும் பெரிதாகப் பிடித்து வைப்பார்கள். கார்டில் அவ்வளவு லிமிட் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு என்றால் கிரெடிட் கார்டு, அதுவும் ஓட்டுகிறவர் பெயரிலேயே. டெபிட் கார்டைக் காட்டிச் சாவி கிடைக்காமல் கவுண்டரில் நின்று அழுத குடும்பத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், கூரை, இந்த நாலும் பல இன்சூரன்ஸில் வராது. மோசமான ரோட்டில் முதலில் அடிபடுவதும் இந்த நாலுதான்! கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு பத்தியையாவது படியுங்கள்.

அப்புறம் வீடியோ. சாவி கைக்கு வந்ததும் பெட்டிகளை ஏற்ற ஓடாதீர்கள். போனை எடுத்து முன் பம்பரில் தொடங்கி நிதானமாக ஒரு சுற்று, நாலு சக்கரத்துக்கும் குனிந்து, கண்ணாடி, கூரை, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்பது வரை எடுங்கள். திருப்பித் தரும்போதும் அதே மாதிரி, கடைசியில் பெட்ரோல் முள்ளும் கிலோமீட்டரும் தெரிய ஒரு படம். ஒரு தடவை ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து, பின்சக்கர ரிம்மில் கீறல் என்று எனக்கு 280 யூரோ பில் வந்தது. எடுத்த அன்றைக்கே அந்தக் கீறல் இருந்தது வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது. அனுப்பினேன். மன்னிப்புக் கடிதமெல்லாம் வரவில்லை, பில் மட்டும் காணாமல் போய்விட்டது.

பணம் கட்டும் மெஷின் 'ரூபாயிலா யூரோவிலா' என்று கேட்டால் யூரோவை அமுக்குங்கள். ரூபாய் என்று கேட்பது பாசத்தினால் இல்லை, மாற்று விகிதத்தில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இத்தாலி போய் வந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது கார் கம்பெனி கார்டில் 45 யூரோ எடுத்திருக்கிறது, அபராதம் தனியாக வரும் என்கிறது. நாங்கள் எந்த சிக்னலையும் தாண்டவில்லை. என்ன இது? — ஈரோடு வாசகி

அம்மா, நீங்கள் தாண்டியது சிக்னலை இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை. இத்தாலியில் ஃபுளோரன்ஸ், பீசா, சியனா, ரோம் என்று பழைய ஊர்களின் மையப்பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையக்கூடாது, 'ஸோனா அ ட்ராஃபிகோ லிமிடாடோ' என்று பெயர். தடுப்பு, கேட், போலீஸ் ஒன்றும் இருக்காது. சிவப்பு வளையம் போட்ட ஒரு வெள்ளை வட்டப் பலகை, மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். கேமரா நம்பரைப் படித்துவிடும். பலகைக்குப் பக்கத்தில் 'வார்கோ அத்திவோ' என்று எழுத்து ஒளிரும். ஆக்டிவ் என்கிற மாதிரி இருக்கிறதே, திறந்திருக்கிறது போல என்று நம்மாட்கள் உள்ளே விடுவார்கள். அதற்கு அர்த்தம் கேமரா வேலை செய்கிறது, வராதே என்பது!

கார்டில் போன 45 யூரோ அபராதம் இல்லை. உங்கள் பெயர், முகவரியை அந்த ஊர் நகராட்சிக்கு எடுத்துக் கொடுத்ததற்குக் கார் கம்பெனியின் கூலி. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு, அதனால் ஏழு மாதம் என்பது தாமதமே இல்லை. நோட்டீஸ் வந்ததும் ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. ஓட்டலைத் தேடி அதே தெருவில் மூன்று தடவை நுழைந்திருந்தால் மூன்று நோட்டீஸ் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். டஸ்கனியில் ஒரு சின்ன ஊரில் ஐஸ்கிரீம் கடைக்கு வழி தேடிப் போய் நானும் இரண்டு கட்டியிருக்கிறேன், வாழ்க்கையில் நான் சாப்பிட்ட மிக விலை உயர்ந்த ஐஸ்கிரீம் அது.

இனிமேல் போகிறவர்களுக்கு: ஓட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால் முன்கூட்டியே கார் நம்பரைக் கொடுங்கள், அவர்களால் பதிவு செய்து அனுமதி வாங்க முடியும். இல்லையென்றால் ஊருக்கு வெளியே நிறுத்துங்கள். ஃபுளோரன்ஸுக்கு ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையும் வில்லா கோஸ்தான்ஸா என்ற பார்க்கிங் இருக்கிறது, அங்கே காரை விட்டுவிட்டு டிராமில் ஏறினால் ஊர் நடுவில் இறங்கலாம்.

வெளிநாட்டில் ஹாரன் அடிக்கலாமா? — சேலம் வாசகர்

கார் எடுக்கும்போது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தடவை.

ஸ்பெயினில் டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டார் என் மச்சான். பங்கில் ஆள் இல்லை. இதை எப்படித் தவிர்ப்பது? — திருச்சி வாசகர்

மச்சானைத் திட்டாதீர்கள், பெயர்களே குழப்பம். ஸ்பெயினில் 'கஸோலினா' என்றால் பெட்ரோல், 'கஸோலியோ' என்றால் டீசல். இத்தாலியில் பெட்ரோல் 'பென்ஸினா', டீசல் 'கஸோலியோ'. பிரான்ஸில் டீசல் 'கஸோல்', அமெரிக்கப் படம் பார்த்து வளர்ந்தவன் அதை கேஸோலின் என்று நினைத்துத்தான் போடுவான். நிறத்தை நம்பினால் ஐரோப்பாவில் பச்சைக் குழாய் பெரும்பாலும் பெட்ரோல், கறுப்பு டீசல், அமெரிக்காவிலோ பச்சைக் குழாய் பல பங்குகளில் டீசல்! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நல்ல ஏற்பாடு ஒன்று செய்திருக்கிறார்கள். பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் ஈ5 அல்லது ஈ10, டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7. காரின் டேங்க் மூடிக்குள்ளும் அதே வடிவம் ஒட்டியிருக்கும். வட்டத்துக்கு வட்டம், சதுரத்துக்குச் சதுரம், குழந்தை விளையாட்டு மாதிரி.

தப்பாகப் போட்டது தெரிந்துவிட்டால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். ஸ்டார்ட் பண்ணாதவரை டேங்கைக் காலி செய்தால் போதும். ஸ்டார்ட் பண்ணிவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் வரை செலவு போகும், பெரும்பாலான வாடகை இன்சூரன்ஸ் இதை ஏற்காது. டேங்க் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இறங்கி இறங்கிப் பார்க்க வேண்டாம், டாஷ்போர்டில் பெட்ரோல் பங்க் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும், அது காட்டும் பக்கம்தான்.

ஸ்காட்லாந்தில் வடகரைச் சாலையில் ஒரு வாரம் ஓட்டப் போகிறோம். அங்கே இடப்பக்கம்தானே, நமக்குப் பிரச்சினை இருக்காதே? கொல்லிமலை, வால்பாறை எல்லாம் ஓட்டியவன் நான். — நாமக்கல் வாசகர்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவை ஓட்டிய கைக்கு வளைவு பயமில்லை. அங்கே பிரச்சினை ரோட்டின் அகலம். இன்வெர்னஸில் தொடங்கிச் சுற்றி வரும் அந்த 500 மைல் பாதையில் வடக்கிலும் மேற்கிலும் நிறைய தூரம் ஒற்றை வண்டி மட்டும் போகிற ரோடு. கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக 'பாஸிங் ப்ளேஸ்' என்று பலகை வைத்து ஓரத்தில் ஒரு வீக்கம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், அந்த வீக்கம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் போகாதீர்கள், அதற்கு நேரே ரோட்டிலேயே நில்லுங்கள், எதிரே வருகிறவர் அதில் ஒதுங்கி உங்களைச் சுற்றிப் போவார். பின்னால் உள்ளூர்க்காரர் அவசரமாக வந்தாலும் ஒதுங்கி விட்டுவிடுங்கள், அவர் ஆட்டுக்குட்டிக்கு மருந்து வாங்கப் போகிறாரோ என்னவோ. போட்டோ எடுக்க அங்கே நிறுத்துவதுதான் ஊர்க்காரர்களை ரொம்பக் கோபப்படுத்துகிற விஷயம்.

மேடு ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது நம் மலைப்பாதைச் சட்டம்தான், அங்கேயும் அதே. ஹெட்லைட் பாஷை மட்டும் தலைகீழ். நம்மூரில் லைட் அடித்தால் 'நான் வர்றேன், நீ நில்லு'. அங்கே லைட் அடித்தால் பெரும்பாலும் 'நான் நிற்கிறேன், நீ வா'. இது தெரியாமல் நானும் ஒரு வேன்காரரும் ஆளுக்கு ஆள் லைட் அடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றோம், அவர் உபசாரம் பண்ணுகிறார், நான் மிரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடந்து போகும்போது ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்கி நன்றி சொல்லுங்கள், எல்லோரும் சொல்வார்கள்.

ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பேலக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம்தான், நம் மலைகளுக்கு முன் அது குழந்தை. ஆனால் ஏறும் இடத்திலேயே 'புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் வரவேண்டாம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள், மேலே மேகம் இறங்கிவிட்டால் பானட் நுனிகூடத் தெரியாது. மேகம் இல்லாத காலையில் போங்கள்.

(சுவிட்சர்லாந்து மலைப்பாதையில் மட்டும் ஒரு விதிவிலக்கு: மஞ்சள் போஸ்ட் பஸ். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அந்த ரோட்டில் பஸ் டிரைவர் சொல்வதுதான் சட்டம், பின்னால் போ என்றால் போக வேண்டும். வளைவுக்கு முன்னால் மூன்று சுரத்தில் அழகாக ஹாரன் ஊதிக்கொண்டு வருவார், ரோஸினியின் 'வில்லியம் டெல்' இசையிலிருந்து எடுத்த சுரங்கள். நம் டவுன் பஸ் ஏர் ஹாரனை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.)

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை கடலோரம் ஓட்ட ஆசை. அமெரிக்காவில் என்னென்ன கவனிக்க வேண்டும்? — தூத்துக்குடி வாசகர்

வடக்கிலிருந்து தெற்கே போகிறீர்களே, அதுவே நல்ல புத்தி. வலப்பக்கம் ஓட்டும் நாடு, கடலும் வலப்பக்கம், நினைத்த இடத்தில் எதிர் வண்டிகளைக் கடக்காமல் ஓரம் கட்டலாம். பிக் சர் பகுதியில் மண் சரிந்து ரோட்டை மாதக் கணக்கில் மூடுவது உண்டு, அந்த மாநிலச் சாலைத் துறையான கால்ட்ரான்ஸின் தளத்தில் பார்த்துவிட்டு ஓட்டல் புக் பண்ணுங்கள். அந்தப் பகுதிக்குள் நுழையும் முன் டேங்கை நிரப்பிவிடுங்கள்.

நமக்குப் பழக்கமில்லாதது நாலு பக்கமும் ஸ்டாப் பலகை வைத்த சந்திப்பு. சிக்னல் கிடையாது, யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போவார். சக்கரம் முழுசாக நிற்க வேண்டும், ஊர்ந்துகொண்டே போவது கணக்கில் வராது. சிவப்பு சிக்னலிலும் முழுசாக நின்று பார்த்துவிட்டு வலது திரும்பலாம், 'கூடாது' என்று பலகை இல்லாவிட்டால். நியூயார்க் நகரத்தில் மட்டும் பொதுவாகக் கூடாது. மஞ்சள் ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றால், நடுவில் தடுப்பில்லாத ரோட்டில் எதிரே வரும் நீங்களும் நிற்க வேண்டும்.

போலீஸ் பின்னால் விளக்குப் போட்டால் ஓரம் கட்டி, சீட்டிலேயே இருங்கள், கைகள் ஸ்டீயரிங் மேல் தெரியட்டும். நம்மூர் வழக்கப்படி மரியாதையாக இறங்கி, ஃபைலை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி நடக்காதீர்கள், அங்கே அது மரியாதை இல்லை, அவர் பயந்துவிடுவார்.

சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்துப் பக்கம் போனால், அங்கே 2013 முதல் கட்டணம் வாங்க ஆளே கிடையாது, கேமரா நம்பரைப் படித்துவிடும். கார் கம்பெனியின் டோல் திட்டத்தில் சிக்கினால் பாலத்துக் கட்டணத்தோடு அவர்களுடைய தினக் கூலியும் சேரும். முன்கூட்டியே பாலத்தின் கட்டணத் தளத்தில் கார் நம்பரைப் போட்டுக் கட்டிவிடலாம். பெட்ரோல் பங்க் மெஷின் ஜிப் கோடு கேட்கும், நம் பின்கோடு ஆறு இலக்கம், அதற்கு ஐந்துதான் தெரியும். உள்ளே கடையில் போய் 'நாலாம் நம்பர் பம்புக்கு நாற்பது டாலர்' என்று கொடுத்துவிடுங்கள், மீதி இருந்தால் திருப்பித் தருவார்கள்.

ஐஸ்லாந்தில் வாடகைக் காரின் கதவைக் காற்று பிய்த்துவிடும் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். நிஜமா? — பாண்டிச்சேரி வாசகி

நிஜம். கீலோடு மடக்கிவிடும், பெரும்பாலான இன்சூரன்ஸ் அதைக் கணக்கில் எடுக்காது. காரின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறவுங்கள், குழந்தைகளைத் தாங்களாகத் திறக்க விடாதீர்கள். 'ஐன்பிரைத் ப்ரூ' என்ற பலகை வந்தால் முன்னால் ஒரு வண்டி மட்டும் போகிற பாலம். 'எஃப்' என்று தொடங்கும் மலைச் சாலைகளில் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் போவது சட்ட விரோதம், ஆற்றைக் கடந்து எஞ்சினில் தண்ணீர் ஏறினால் முழுச் செலவும் நம்முடையது. இரட்டை லேன் ரவுண்டானாவில் உள்வட்டத்தில் இருப்பவர் வெளியேற வழிவிட வேண்டும், உலகத்தில் வேறெங்கும் நான் பார்த்திராத விதி. தார் முடிந்து ஜல்லி ரோடு தொடங்கும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், ஜல்லியில் ஏறிய பிறகு பிரேக் போட்டால் வண்டி சறுக்கும்.

அவர் ஓட்டுவார், நான் மேப் பார்த்து வழி சொல்வேன். எந்த ஊருக்குப் போனாலும் மூன்றாவது திருப்பத்தில் சண்டை. வழி இருக்கிறதா? — மயிலாப்பூர் வாசகி

வழி சொல்லும் வேலையை போனிடம் விட்டுவிடுங்கள். உங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. எங்கள் வீட்டில் என் மனைவி செய்வது இது: வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் ஒவ்வொரு முறை கார் கிளம்பும்போதும், பங்கிலிருந்தானாலும் காபிக் கடையிலிருந்தானாலும், டாஷ்போர்டில் இரண்டு தட்டு தட்டி 'போலாம் ரைட்!' என்பாள், அசல் பல்லவன் பஸ் கண்டக்டர் மாதிரி. கிளம்பு என்றும் ஆச்சு, வலப்பக்கம் போ என்றும் ஆச்சு. கேட்டதும் எனக்கு எரிச்சல் வராமல் சிரிப்பு வரும், கை தானாக வலப்பக்கம் திருப்பும். இதனால் இரண்டு முறையாவது எதிர் லேனில் ஏறாமல் தப்பித்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்து போனபோது மட்டும், தயவுசெய்து அதைச் சொல்லாதே, குழம்பிவிடுவேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சரி என்றாள். மறுநாள் காலையில் காரை எடுத்தால் பக்கத்தில் விசில் சத்தம் கேட்கிறது.